புதிய சின்சில்லாவை நேராகப் பழைய கூண்டில் விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சின்சில்லா என்ற மென்மையான ரோமம் கொண்ட கொறிக்கும் பிராணியை வீட்டில் ஒன்றே ஒன்று வளர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வந்துவிடும்: பாவம், தனியாக இருக்கிறதே, துணைக்கு இன்னொன்று வாங்கினால் என்ன? எண்ணத்தில் தப்பில்லை. அடுத்துச் செய்வதில்தான் தப்பு நடக்கிறது. சாயங்காலம் கடையிலிருந்து அட்டைப்பெட்டியில் கொண்டுவந்ததை, அன்றிரவே பழையதன் கூண்டைத் திறந்து உள்ளே விட்டுவிடுகிறார்கள். "ராத்திரி கொஞ்சம் சண்டை போடும், காலையில் சரியாகிவிடும்" என்று விற்றவரே சொல்லி அனுப்புவதும் உண்டு. காலையில் பார்த்தால் கூண்டின் தரையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடக்கும். புதியது காது கிழிந்தோ கால்விரல் போயோ மூலையில் ஒடுங்கியிருக்கும். சில நேரம் உயிரோடேயே இருக்காது. இது முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அரைக் கிலோ எடையில் பஞ்சுப் பொதி மாதிரி இருக்கும் பிராணி ஏன் இப்படிச் செய்கிறது? சின்சில்லாவின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. சிலி நாட்டின் இல்லாபெல் நகருக்கு அருகே இவற்றுக்கென்றே 1983-ல் ஒரு காப்பகம் அமைத்திருக்கிறார்கள். காட்டில் இவை கூட்டமாகத்தான் வாழ்கின்றன. ஆனால் கூட்டத்தில் இருப்பவை ஒன்றையொன்று வாசத்தால் அறிந்தவை. வாசம் தெரியாத ஒன்று வந்தால் துரத்தும். துரத்தப்பட்டது பாறை இடுக்குக்குள் ஓடிவிடும், சண்டை அத்தோடு தீர்ந்தது. கூண்டில் ஓடுவதற்கு இடுக்கு எங்கே இருக்கிறது? துரத்திய பிறகும் எதிரி கண்ணெதிரிலேயே நிற்கிறது. பழையது திரும்பவும் பாய்கிறது. கொழுப்பெடுத்துக் கடிப்பதில்லை. போகச் சொல்லியும் போகாததை விரட்டுகிறது, அவ்வளவுதான்.

பெண் சின்சில்லா இதில் இன்னும் கடுமையானது. இன்று வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை, 1923-ல் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் ரோமத்துக்காகக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன சின்சில்லாக்களின் வழிவந்தவை. ரோமப் பண்ணைகளில் ஒவ்வொரு பெண்ணையும் தனிக் கூண்டில் வைத்து, கழுத்தில் ஒரு வளையம் மாட்டியிருப்பார்கள். கூண்டுகளின் பின்னால் ஒரு பொதுப் பாதை ஓடும். ஆண் அதன் வழியாக எந்தக் கூண்டுக்கும் போகலாம், பெண் கோபித்துக்கொண்டால் தப்பியும் ஓடலாம். வளையம் தடுப்பதால் பெண்ணால் வெளியே வர முடியாது. கொடுமையான ஏற்பாடுதான். ஆனாலும் இவற்றின் குணத்தைப் பண்ணைக்காரர்கள் எப்படிப் புரிந்துவைத்திருந்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. பெண்தான் உடலிலும் பெரியது. தன் இடத்துக்குள் வந்ததைப் பின்னங்காலில் எழுந்து நின்று, குறிபார்த்துச் சிறுநீரைப் பீச்சி விரட்டும். ஏற்கெனவே வீட்டில் இருப்பது வளர்ந்த பெண் என்றால், புதியதோடு சேர்க்க ஆகும் நாட்களை இரட்டிப்பாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது அது ஆணா பெண்ணா என்பது. கடைக்காரர் "ரெண்டும் பொண்ணுதான்" என்று சொன்னதை நம்பிவிடக் கூடாது. சின்சில்லாப் பெண்ணுக்குச் சிறுநீர்த் துவாரம் ஒரு கூம்பு மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் ஆண் என்றே தோன்றும். கூம்பைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள். கூம்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வெறும் தோல் நன்றாகத் தெரிந்தால் ஆண். இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தால் பெண். குட்டியில் இந்த வித்தியாசம் மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கும் என்பதால் இரண்டு குட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆணும் பெண்ணும் கலந்து கிடந்த கூண்டிலிருந்து வாங்கிய பெண் ஏற்கெனவே சினையாக இருக்கலாம். சினைக்காலம் 111 நாள். அதுவரை வாரம் ஒருமுறை எடை பார்த்து, ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனித்து, தனியாகவே வைத்திருக்க வேண்டும். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் குட்டி போட்ட கையோடு மறுபடியும் சினையாகிவிடும். ஆணுக்கு விதைநீக்கம் செய்த பிறகுதான் சேர்க்கலாம். செய்தபின்னும் சில வாரங்கள் அதற்குக் கருவுறச் செய்யும் திறன் இருக்கும், ஆகவே ஆறு வாரம் பொறுங்கள். ஆணோடு ஆணைச் சேர்ப்பது பொதுவாகச் சுலபம். ஆனால் அதே அறையில் பெண் வாசம் இருந்தால் ஒற்றுமை கெட்டுவிடும்.

அடுத்தது இரண்டாவது கூண்டு. "சேர்ந்துவிட்டால் ஒரு கூண்டு போதுமே, எதற்கு வீண் செலவு" என்று கேட்பவர்கள் தயவுசெய்து இரண்டாவது சின்சில்லாவையே வாங்க வேண்டாம். சில ஜோடிகள் என்ன செய்தாலும் சேராது. இரண்டு வருடம் ஒன்றாகப் படுத்துத் தூங்கியவை ஒரு நாள் திடீரென்று பிரிவதும் உண்டு. இந்தப் பிராணி 10 முதல் 20 ஆண்டு வாழக்கூடியது. அத்தனை ஆண்டும் அந்த இரண்டாவது கூண்டு வீட்டில் இருந்தாக வேண்டும். சின்சில்லாவின் விலையோடு அதன் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புதியது வந்ததும் முதல் நான்கு வாரம் வேறு அறை. ஒரே அறையின் இரு மூலைகள் ஆகாது. வெளியில் தெரியாத ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, மூக்கையும் கண்ணையும் சுற்றி முடி உதிர்ந்து செதில் தெரியும் படர்தாமரை, இரண்டும் தொற்றக்கூடியவை. படர்தாமரை மனிதருக்கும் ஒட்டும். புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ஒரு நாள் மாதிரி போதாது, சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை கொடுக்க வேண்டும். ஜியார்டியா எல்லா நாளும் வெளிப்படாது. தீவனம் வைப்பது, சுத்தம் செய்வது எல்லாம் முதலில் பழையதற்கு, பிறகுதான் புதியதற்கு. முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். சின்சில்லா தண்ணீருக்குப் பதில் நுண்ணிய புழுதியில் புரண்டுதான் குளிக்கும். அந்தப் புழுதிக் குளியல் பாத்திரத்தை இந்த நாட்களில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தவே கூடாது. புதியது எந்தத் தீவனம் தின்று பழகியதோ அதையே கேட்டு வாங்கி வந்து, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீவனத்துக்கு மாற்றுங்கள். இடமும் புதிது, தீவனமும் புதிது என்றால் குடல் தாங்காது.

நான்கு வாரம் நலமாகக் கழிந்தால் இரண்டு கூண்டுகளையும் ஒரே அறைக்குக் கொண்டுவரலாம். முதலில் நடுவில் ஒரு முழ இடைவெளி. சில நாளில் ஒரு சாண். கடைசியில் நான்கு விரல். அதற்கும் நெருக்கமாகக் கம்பியோடு கம்பி சேர்த்து வைத்துவிடாதீர்கள். ஒன்று கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்கும்போது மற்றது அந்தப் பக்கத்திலிருந்து கால்விரலைக் கவ்விவிடும். விரல் இப்படியும் போவதுண்டு. புல்லையும் தீவனக் கிண்ணத்தையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வையுங்கள். மற்றதன் வாசம் வரும்போது சாப்பாடும் வருகிறது என்று இரண்டும் பழக வேண்டும்.

இனி வாசத்தை மாற்ற வேண்டும். உண்மையில் முக்கால்வாசி வேலை இதுதான். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இதன் மரவீட்டை அதற்கும் அதன் பலகையை இதற்கும் மாற்றி வையுங்கள். ஒன்று புரண்ட புழுதியிலேயே மற்றதையும் புரள விடுங்கள். ஒரு வாரம் ஆனதும் கூண்டையே மாற்றுங்கள்: இது அதன் கூண்டில், அது இதன் கூண்டில், இரவு முழுவதும். முதல் முறை மாற்றும்போது பழையது பலகை பலகையாக மோந்துகொண்டே போகும், சிறுநீர் தெளிக்கும், தின்னாமல் நிற்கும். நான்காவது ஐந்தாவது தடவையில் நேராகப் புல்லுக்குப் போகும். அதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய மாற்றம். இன்னொன்று, பகலில் இரண்டும் அடுத்த கூண்டை ஒட்டிய பக்கத்திலேயே வந்து படுத்துத் தூங்கத் தொடங்கினால் நேருக்கு நேர் விடலாம். இதற்கு இரண்டு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். நாள்காட்டியைப் பார்த்து அவசரப்படாதீர்கள்.

முதல் சந்திப்புக்குப் பழையது இதுவரை ஓடி விளையாடாத இடம் வேண்டும். சின்னக் குளியலறை பலருக்கும் தோதாக இருக்கும். தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கழிப்பறை மூடியை மூடிவிட வேண்டும். இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்து ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் உள்ள பெட்டிக்குள் ஓடிய சின்சில்லா மாட்டிக்கொள்ளும், கடித்துக் குதறுவது அங்கேதான். நடுவில் அகலமான பாத்திரத்தில் இரண்டு விரல் ஆழத்துக்குக் குளியல் புழுதி. புழுதியைப் பார்த்தால் சின்சில்லாவுக்குச் சண்டை இரண்டாம்பட்சமாகிவிடும். புரண்டு எழுந்தபின் இரண்டும் ஒரே வாசமாகவும் ஆகிவிடும். பெரியவர் ஒருவர் தடித்த கையுறை போட்டு, ஒரு துண்டும் அட்டைப் பலகையும் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார வேண்டும். பிள்ளைகள் வெளியே. முதல் நாள் பத்து நிமிடம் போதும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். சண்டையில் முடிந்த சந்திப்பை மறக்க இவற்றுக்கு நாளாகும்.

அந்தப் பத்து நிமிடத்தில் எது பயப்பட வேண்டியது, எது வேண்டாதது என்பதில்தான் எல்லாருக்கும் குழப்பம். ஒன்றன் மேல் ஒன்று ஏறும். பெண் மேல் பெண்ணும் ஏறும். யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்வது அது, விட்டுவிடுங்கள். சின்னத் துரத்தல், ஒருமுறை குரைப்பு, ஒரு பீச்சல், நாலைந்து முடி உதிர்வது எல்லாம் வழக்கம். துரத்தப்பட்டது திரும்பவும் தானாகவே கிட்டே வந்து மோந்து பார்க்கிறதா என்பதுதான் கேள்வி. வந்தால் நல்லது. பல்லைக் கடகடவென்று நறநறத்துக்கொண்டு விடாமல் துரத்துவது, இரண்டும் கட்டிப் புரண்டு உருள்வது, ஒன்று கத்திக்கொண்டே மூலையை விட்டு அசையாமல் இருப்பது, ரத்தம் ஒரு துளி தெரிவது, இவற்றில் எது நடந்தாலும் உடனே நடுவில் பலகையை இறக்கிப் பிரித்துவிடுங்கள். வெறுங்கையை நுழைத்தால் எலும்புவரை கடி விழும். உடம்பைப் பற்றி இழுத்தாலும் பயனில்லை. பிடிபட்ட இடத்து முடியை அப்படியே கழற்றிவிட்டுத் தப்புவது சின்சில்லாவுக்கு இயல்பு, உங்கள் கையில் முடிதான் மிஞ்சும். ரத்தம் வந்துவிட்டால் கூண்டுகளை மீண்டும் ஒரு முழத்துக்குத் தள்ளி, குறைந்தது இரண்டு வாரம் கழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குறுக்குவழிகள் என்று சிலவற்றைச் சொல்வார்கள். இரண்டையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் நெருக்கி அடைத்துக் காரில் சுற்றிவந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது அவற்றில் ஒன்று. ஒட்டத்தான் செய்யும், பயத்தால். பயம் தெளிந்ததும் அந்த ஒட்டுதலும் தெளிந்துவிடும், பெட்டிக்குள்ளேயே தெளிந்தால் தப்ப வழியும் இல்லை. மூக்கில் வெனிலா எசன்ஸ் தடவுவதும் அப்படித்தான். வாசத்தால் உலகத்தை அறியும் பிராணியின் மூக்கை அடைப்பது பழக்குவது ஆகாது.

குளியலறையில் ஒரு மணி நேரம் சண்டையில்லாமல் கழிவது பத்துப் பதினைந்து நாள் தொடர்ந்தால், பக்கத்தில் பக்கத்தில் படுத்தால், ஒன்றன் கன்னத்து முடியை மற்றது கோதிவிட்டால் கூண்டுக்கு நேரம் வந்துவிட்டது. கூண்டு இருவருக்கும் புதிதாகத் தெரிய வேண்டும். வினிகர் கலந்த தண்ணீரில் கழுவிக் காயவைத்து, சிறுநீர் ஊறிய மரப்பலகைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மற்றவற்றை இடம் மாற்றிப் பொருத்துங்கள். தண்ணீர்ப் புட்டி இரண்டு, கிண்ணம் இரண்டு, டிமோதி என்ற காய்ந்த புல் வைக்கும் இடம் இரண்டு, எதிரெதிர் முனைகளில். மரவீடு மூன்று, எல்லாவற்றுக்கும் இரண்டு வாசல். ஓடும் சக்கரம் இருந்தால் இரண்டு வாரம் எடுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்குக்கூட அடித்துக்கொள்ளாதவை சக்கரத்துக்கு அடித்துக்கொள்ளும்.

சேர்த்து விடுவது விடுமுறை நாளின் காலையில் இருக்கட்டும். பகலெல்லாம் தூக்கக் கலக்கத்தில் இருக்கும், மாலையில் சுறுசுறுப்பாகும்போது நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். முதல் இரண்டு மூன்று இரவு யாராவது அதே அறையில் படுங்கள். முடியாதென்றால் இரவில் பிரித்து வைத்துக் காலையில் சேர்த்து விடலாம், ஒரு வாரம் அப்படியே நடத்தலாம்.

இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். சண்டை எப்போதும் சத்தமாக நடப்பதில்லை. ஒன்று மற்றதைக் கிண்ணத்தின் பக்கமே வரவிடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும், பார்ப்பவருக்கு அமைதியாகத் தெரியும். எடைதான் காட்டிக்கொடுக்கும். 500 கிராம் உள்ளதில் 25 கிராம் குறைந்தால் கூர்ந்து கவனியுங்கள். 50 கிராம் குறைந்தால் பிரித்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். புழுக்கை சிறுத்து, காய்ந்து, எண்ணிக்கையில் குறைந்தாலும் அதே பொருள்தான். ஒரு நாள் முழுக்கத் தின்னாத சின்சில்லாவின் குடல் நின்றுபோகும், மறுநாள் பார்க்கலாம் என்று விட முடியாது.

எடை பார்க்கும் கையோடு உடம்பையும் பாருங்கள். ஒரே வேரிலிருந்து ஐம்பது அறுபது முடி முளைக்கும் ரோமம் இது. உள்ளே கடிபட்டிருந்தாலும் வெளியே தெரியாது. வாயால் மெதுவாக ஊதுங்கள், முடி பூப்போல வட்டமாக விரிந்து அடியில் தோல் தெரியும். காதுக்குப் பின்னால், முதுகின் அடிப்பகுதி, வாலைச் சுற்றி என்று இடம் இடமாக ஊதிக்கொண்டே போங்கள். சின்னப் பொருக்கு ஒன்று தட்டுப்பட்டாலும் அதன் கீழே சீழ் கட்டக்கூடும். அப்போது வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் சின்சில்லாவின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, அந்தப் பிராணியும் செத்துவிடும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றுக்கு 15 முதல் 20 டிகிரி சுகம், 25-க்கு மேல் ஆபத்து. துரத்தலும் ஓட்டமும் உடம்பைச் சூடாக்கும், வியர்வை கிடையாது. சந்திப்பின் நடுவில் காது சிவந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். சேர்க்கும் வேலையைக் குளிர்மாதங்களில் வைத்துக்கொள்வதே நல்லது. தமிழ்நாட்டுச் சமவெளியில் இரவும் பகலும் ஏசி ஓடாத வீட்டில் சின்சில்லா வளர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆணா பெண்ணா என்று பார்த்து ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் போட்டு விற்காதீர்கள். "வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் இரண்டாவது கூண்டு இல்லாமல் விற்காதீர்கள்.

கடைசியாக, நன்றாகச் சேர்ந்து வாழும் ஜோடி வைத்திருப்பவர்களுக்கு. ஒன்றுக்கு உடம்பு சரியில்லாமல் மருத்துவரிடம் கொண்டுபோகும்போது மற்றதையும் அதே பெட்டியில் வைத்துக் கூடவே கொண்டுபோங்கள். தனியாகப் போய் மருந்து வாசத்தோடு திரும்பி வருவது, வீட்டில் இருந்ததற்கு யாரோ அந்நியமாகிவிடும். அன்றிரவே பழைய சண்டை தொடங்கிவிடும். அறுவை சிகிச்சைக்காக ஓரிரவு மருத்துவமனையில் விட்டே ஆக வேண்டும் என்றால், திரும்பி வந்ததும் நேரே கூண்டில் விடாமல் காயம் ஆறும்வரை பக்கத்துக் கூண்டில் வைத்து, பிறகு புழுதிப் பாத்திரத்திலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்